இருபது மெசினும் ஒரு கிராமமும்

முதலில் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 குடும்பம் இருக்கிற ஒரு கிராமம் என்று வையுங்கள். ஒரு குடும்பம் வருடத்துக்கு ஆறு உடுப்பு தைக்கக் கொடுக்கிறது, அதுவும் ரெடிமேட் வாங்காமல் ஊருக்குள்ளேயே கொடுக்கிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 720 உடுப்பு, மாதத்துக்கு 60. ஊரில் ஒரே ஒரு தையல்காரி என்றால் 60ம் அவளுக்குத்தான், ஏதோ சமாளித்துவிடுவாள். இப்போது அந்த ஊரின் பொதுநோக்கு மண்டபத்தில் ஆறு மாதத் தையல் பயிற்சி நடக்கிறது, 20 பெண்கள் படித்து முடிக்கிறார்கள், கடைசி நாளில் 20 பேருக்கும் சான்றிதழும் ஆளுக்கொரு மெசினும் கொடுத்துப் படமும் எடுத்தாகிவிட்டது. அடுத்த மாதத்தில் இருந்து ஒருத்திக்கு எத்தனை உடுப்பு? மூன்று.

இந்த மூன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டுதான் இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் பெண்களுக்கான தொழிற்பயிற்சி ஏன் இவ்வளவு நடந்தும் இவ்வளவு குறைவாகக் கைகொடுத்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயிற்றுநர்கள் சரியில்லை, பெண்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை இரண்டும் பொய். பெண்கள் சைக்கிளில் ஐந்து ஆறு கிலோமீற்றர் மிதித்து வந்து படித்தார்கள், நன்றாகவும் தைக்கிறார்கள். தைத்ததை வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் எப்போதும் தையல்? இதற்கு ஒரு காலப் பின்னணி இருக்கிறது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. முகாம்களில் இருந்து சனம் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் திரும்பி, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பி வந்த குடும்பங்களில் ஆம்பிளை இல்லாத வீடுகள் ஏராளம். இறந்தவர், காணாமல் ஆக்கப்பட்டவர், தடுப்பில் இருந்தவர், காயத்தோடு படுக்கையில் இருந்தவர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். அந்த வீடுகளுக்கெல்லாம் சேர்த்து அலுவலகப் படிவங்களில் ஒரே பெயர் வந்தது: பெண் தலைமைத்துவக் குடும்பம். உதவி செய்ய வந்த நிறுவனங்களிடம் திட்டத்துக்கு ஒரு வருடம், கூடிப்போனால் இரண்டு வருடக் காசு இருந்தது. அந்தக் காலத்துக்குள் தொடங்கி, முடித்து, எண்ணிக் காட்டக்கூடியது எது? ஒரு மண்டபம், ஒரு ரீச்சர், 20 மெசின். மெசினை எண்ணலாம், படம் எடுக்கலாம், அதன் நெற்றியில் நிறுவனத்தின் ஸ்ரிக்கரும் ஒட்டலாம். போதாக்குறைக்கு தையல் என்பது வீட்டுக்குள் இருந்து செய்யும் வேலை, 'பொம்பிளைப் பிள்ளையள் செய்யக்கூடியது' என்று ஊர்ப் பெரியவர்களும் தலையாட்டுவார்கள்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகாத ஒரு விஷயம் உண்டு. போருக்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களில் பெண்களும் ஆயிரக்கணக்கில். பாரமான வாகனம் ஓட்டியவர்கள், எஞ்சின் கழற்றிப் பூட்டியவர்கள், கள மருத்துவம் பார்த்தவர்கள் அதற்குள் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பயிற்சிகளில் முன்னால் நின்றவை தையலும் அழகுக்கலையும். அரசியலை விடுங்கள். கைக்குள் ஏற்கனவே இருக்கும் ஒரு தொழிலைக் கேட்டுப் பார்க்காமல், இது பெண் என்பதற்காக ஊசியையும் நூலையும் கொடுப்பது தொழிற்பயிற்சி என்ற அளவில்கூட மோசமான யோசனை.

வறுமையின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். அரசாங்கத்தின் குடித்தன வருமானச் செலவுக் கணக்கெடுப்பில் 2012/13இல் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் முல்லைத்தீவு, 28.8 வீதம். 2016இல் கிளிநொச்சி முதலிடத்துக்கு வந்தது, 18.2 வீதம். அந்த வருடம் முழு நாட்டுக்குமான வீதம் வெறும் 4.1. இத்தனைக்கும் இடைப்பட்ட வருடங்களில் யாழ்ப்பாணம் போகிற ஏ9 நெடுஞ்சாலை காப்பெற் றோட்டானது, கரண்ட் வந்தது, வங்கிகள் வரிசையாகக் கிளை திறந்தன, பயிற்சிகளும் நடந்துகொண்டேதான் இருந்தன.

சரி, ஒருவரும் வகுப்பு எடுக்காமலே ஓடுகிற தொழில் ஒன்றைப் பார்ப்போம். ஏ9இல் கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் முறிகண்டிப் பிள்ளையார். யாழ்ப்பாணம் போகிற, அங்கிருந்து வருகிற வாகனம் எதுவும் அந்தப் பிள்ளையாரைத் தாண்டிச் சும்மா போகாது. இறங்கி ஒரு கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, அப்படியே வறுத்த கச்சான் (நிலக்கடலை) ஒரு கடதாசிச் சரை வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். எத்தனை வருடமாக அந்தக் கச்சானை நம்பி எத்தனை பெண்கள் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள்! கச்சான் வறுப்பதில் பக்குவம் இருக்கிறதுதான், கருகாமல் உள்ளே பச்சையும் இல்லாமல் எடுக்க வேண்டும். ஆனால் அந்தத் தொழிலைத் தாங்குவது பக்குவம் அல்ல, வாகனம் அந்த இடத்தில் நிற்கிறது என்பது. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது அதே கச்சான், அதே கை, அதே சட்டி. வாகனம் இல்லை, வியாபாரமும் இல்லை. பாதை திறந்ததும் சரையும் திரும்பி வந்தது.

ஆகவே ஒரு பயிற்சியைத் தொடங்க முன்னம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் செய்கிற சாமானுக்கு வாகனம் எங்கே நிற்கும் என்பதுதான். வன்னியில் பால் மாடு ஓரளவு ஓடுவதும் அதனால்தான். காலையில் கறந்த பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனால் கொழுப்புப் பார்த்து எடுப்பார்கள், காசு இன்ன நாளில் என்று தெரியும். விலை குறைவு என்று எல்லோரும் திட்டுகிறார்கள், அது வேறு கதை. ஆனால் பாலை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டியதில்லை.

கடை கடையாக அலைவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள உணவு பதனிடும் பயிற்சி முடித்தவர்களைக் கேட்க வேண்டும். மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல் மா, குரக்கன் மா, மோர்மிளகாய், மிக்சர் என்று நல்ல சாமான்கள் செய்கிறார்கள், அதிலும் வன்னி மிளகாய்த்தூளுக்கு நான் எங்கேயும் சாட்சி சொல்வேன். பயிற்சியில் வறுக்கவும் இடிக்கவும் பொதி செய்யவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. பொதியில் அடைத்து விற்பதென்றால் சட்டப்படி சாமானின் பெயர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, நிகர எடை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை, செய்தவரின் முகவரி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். சமையல் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்க்க வேண்டும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். சுப்பர் மார்க்கெற்றுக்குள் போவதென்றால் 479இல் தொடங்குகிற பார்கோட் வேண்டும், அதற்குத் தனிக் காசு. இதெல்லாம் இல்லாமல் ஊர்க் கடையில் மட்டும் கொடுப்போம் என்றால் கடைக்காரர் சொல்வது ஒரே வசனம்: 'வச்சிட்டுப் போங்கோ தங்கச்சி, வித்தால் காசு தாறன்.'

இந்த 'வித்தால் காசு' தான் பல தொழில்களைக் கொன்றது. 30 பைக்கற் மிக்சரைக் கடையில் வைத்துவிட்டு அவள் வீடு திரும்புகிறாள். எண்ணெய், கடலைமா, கச்சான், பைக்கற், விறகு எல்லாம் ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியவை. இரண்டு கிழமை கழித்துப் போனால் 18 விற்றிருக்கிறது, கடைக்காரர் 'அடுத்த கிழமை வாங்கோவன்' என்கிறார், மீதி 12 சவுத்துப் போய்த் திரும்பி வருகிறது. இதற்குள் அடுத்த தொகுதி செய்யக் கையில் முதல் இல்லை. 2022 நெருக்கடியில் எண்ணெயும் மாவும் காஸும் விலை ஏறியபோது இப்படி நடந்துகொண்டிருந்த எத்தனையோ சட்டிகள் கவிழ்க்கப்பட்டன. பயிற்சி நெறி எதிலும் கடைக்காரரிடம் காசு கேட்பது எப்படி என்று ஒரு பாடம் இல்லை, இருக்க வேண்டும். பகிடியாகச் சொல்லவில்லை.

கையில் முதல் இல்லாத அந்த இடத்தில்தான் கிழமைக் கடன் வீட்டு வாசலுக்கு வந்தது. ஐந்து ஆறு பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் போதும், பிணை தேவையில்லை, இன்றைக்குக் கையெழுத்து நாளைக்குக் காசு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்கக் காதில் கிடந்த தோடு, கடைசியில் மெசின். 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா.வின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர், சில இடங்களில் வட்டி வருடத்துக்கு 220 வீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த, கட்ட முடியாமல் நின்ற பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்து, வட்டிக்கு 35 வீத உச்ச வரம்பும் போட்டது. நல்லதுதான். ஆனால் கடன் ஏன் எடுத்தாள் என்ற இடம் அப்படியே இருந்தது. தொழில் பழக்கிவிட்டு, தொழிலுக்கான முதலை மட்டும் 'நீங்களே பாருங்கோ' என்று விட்டால் அவள் யாரிடம் போவாள்?

வங்கிக்குப் போகலாமே என்பீர்கள். வங்கி காணி உறுதி கேட்கும். வன்னியில் பெரும்பாலும் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை, பெயர் கணவருடையது. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால் மரணச் சான்றிதழ் எடுத்துத்தான் பெயர் மாற்ற வேண்டும். எடுக்க மாட்டேன் என்று 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியில் றோட்டோரம் குந்தியிருந்த அம்மாக்களும் மனைவிமாரும் யார் என்று நினைக்கிறீர்கள்? இதே தையல் வகுப்புக்கு வந்தவர்கள்தான். 2016இல் ஒரு சட்டத் திருத்தம் வந்து, மரணச் சான்றிதழுக்குப் பதில் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி பிறந்தது. அதை எடுக்கவும் பலருக்கு மனம் வரவில்லை. பயிற்சி நிலையத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு உத்தியோகத்தர் என்னிடம் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. மெசினுக்கு மேல் கடன் தர யாரும் இல்லை, காணிக்கு மேல்தான் தருவார்கள்.

இன்னொரு விஷயம் நேரம். வகுப்பு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பின்னேரம் மூன்று மணி வரை. பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு. சின்னப் பிள்ளையை யார் பார்ப்பது? தாய் உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் பிரச்சினை இல்லை, தாயும் இல்லாதவள் மூன்றாம் நாள் வரமாட்டாள். தை, மாசியில் அறுவடையும் கச்சான் பிடுங்கும் வேலையும் வந்தால் வகுப்பில் பாதி கதிரை காலியாகும், ஏனென்றால் அன்றன்றைக்குக் கையில் கிடைக்கிற கூலியை விட்டுவிட்டு ஆறு மாதத்துக்குப் பிறகு வரக்கூடிய வருமானத்துக்காகக் காத்திருக்க வசதி வேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் என்றால் பொழுது பட்டால் யானை, கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போக முடியாது. இதெல்லாம் வரவுப் பதிவேட்டில் 'இடைவிலகல்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது.

சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எங்கள் ஆட்களுக்குக் குழப்பம் நிறைய. தனியார் வகுப்போ நிறுவனமோ கொடுக்கிற வர்ணச் சான்றிதழ் வேறு, தேசிய தொழிற்தகைமை என்கிற என்.வி.கியூ. வேறு. என்.வி.கியூ.வில் ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். நாலாம் மட்டம் இருந்தால் மேற்பார்வை இல்லாமல் தனியாக அந்த வேலையைச் செய்யக்கூடியவர் என்று பொருள், வெளிநாட்டு வேலைக்கும் அது செல்லும். பலருக்குத் தெரியாத ஒரு வழி இதில் உண்டு: வகுப்புக்கே போகாமல், பல வருடமாகச் செய்துவரும் தொழிலைச் செய்து காட்டி முன்கற்றலுக்கான அங்கீகாரமாக அதே என்.வி.கியூ.வை எடுக்கலாம். 15 வருடமாக ஊருக்கே சாறி பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற ஒரு பெண்ணை ஆறு மாத ஆரம்ப வகுப்பில் இருத்தி நேர்கோடு தைக்கப் பழக்குவதைவிட இது எவ்வளவோ மேல். தொழிற்பயிற்சி அதிகாரசபையோ, தேசிய பயிலுநர் அதிகாரசபையோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போய்க் கேளுங்கள்.

இளம் பிள்ளைகளுக்கு வேறு கதவுகளும் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனம், மின், கட்டடம் என்று கனமான தொழில்கள் படிக்கலாம், தங்கிப் படிக்கவும் வசதி உண்டு. பொம்பிளைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், ஆனால் வீட்டில் இருந்து அனுப்புவதற்குள் தாய் தகப்பனோடு ஒரு சண்டை முடிய வேண்டும்.

ஆடைத் தொழிற்சாலைகள் வந்ததைப் பற்றி எனக்கு இரண்டு மனம். விடிய ஐந்தரைக்கு ஊருக்குள் பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது, மாதம் முடியச் சம்பளம், முதலாளி பங்கு 12 வீதமும் தொழிலாளி பங்கு 8 வீதமும் சேர்ந்து ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) விழுகிறது, பயிற்சியும் உள்ளேயே கிடைக்கிறது. தனியார் துறையின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயும் ஆக்கப்பட்டது, குறைவுதான், ஆனாலும் மாதம் மூன்று உடுப்புத் தைக்கிறவளுக்கு அது ஒரு கனவு. மறுபக்கம் இலக்கு, நின்றுகொண்டே வேலை, கழிப்பறைக்குப் போகவும் நேரம் பார்க்கும் வாழ்க்கை. அப்புறம், 40 வயதில் இரண்டு பிள்ளையோடு இருக்கிற ஒருத்தியை அந்த பஸ் ஏற்றாது. கடன், காணி, பிள்ளை என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தது அவளைப் பற்றித்தான்.

அவளை ஏற்றிக்கொண்ட வேலை ஒன்றும் வன்னியில் இருந்தது, இருக்கிறது. கண்ணிவெடி அகற்றல். பயிற்சி சில கிழமைகள்தான், ஆனால் அதைவிடக் கண்டிப்பான பயிற்சியை நான் கேள்விப்படவில்லை. முழங்காலில் இருந்து மண்ணை விரல் அளவாக விலக்குவது, கருவியின் சத்தத்தைப் பிரித்தறிவது, முகக் கவசத்துக்குள் வேர்வை ஒழுகினாலும் கை நடுங்காமல் இருப்பது. முகமாலை வெயிலில் அந்தப் பெண்களைப் பார்த்தவர்கள் 'பெண்களுக்கு ஏற்ற தொழில்' என்ற சொல்லைப் பிறகு பாவிக்க யோசிப்பார்கள். கணவர் இல்லாத எத்தனையோ பேர் அந்தச் சம்பளத்தில் வீடு கட்டி முடித்தார்கள். அந்தப் பயிற்சி பலித்ததற்குக் காரணம் சிக்கலானது அல்ல, பயிற்சி முடிய மறுநாள் வேலை இருந்தது, மாதம் முடியச் சம்பளம் இருந்தது. இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க 2028 என்று தவணை. முடிந்தால் நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட வேண்டியதுதான், ஆனால் அன்றைக்கு இந்தப் பெண்கள் ஒழுங்கும் பொறுமையும் அளவு பார்த்து வேலை செய்யும் பழக்கமும் உள்ள ஒரு தொழிற்படையாக வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கு என்ன திட்டம் என்று இப்போதே கேட்காவிட்டால், பொதுநோக்கு மண்டபத்தில் இன்னொரு தையல் வகுப்புத்தான் வைப்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறா. அந்த 20 பேரில் ஒருத்தி மாதிரித்தான், 2013இல் மெசின் கிடைத்தது. இடையில் இரண்டு வருடம் அதன் மேல் செத்தல் மிளகாய்க் கடகம் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன், வார் அறுந்து, ஊசி துருவேறி. பிறகு ஒருநாள் டவுனில் ஒரு பான்சிக் கடைக்காரர் சாமான் பை தைத்துத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். துணியும் நூலும் அவர் தருவார், தைத்த பைக்கு இவ்வளவு, எடுக்கும்போதே காசு. அக்கா ஒத்துக்கொண்டா. பை தைப்பது ஆறு மாதப் பாடத்தில் முதல் கிழமையிலேயே முடிந்துபோன விஷயம், கொலர் வைத்துச் சட்டை தைக்கப் பழகியவருக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் கிழமைக்கு இரண்டு முறை கடைக்காரரின் ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்து நிற்கிறது.

தையில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது சீருடைத் துணியும் அவவிடம் குவியும். 1993இல் இருந்து அரசாங்கம் இலவசமாகக் கொடுத்துவரும் அந்த வெள்ளைத் துணிதான் எங்கள் ஊர்த் தையல்காரிகளுக்கு வருடத்தில் நிச்சயமான ஒரே பருவம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டிக் கொஞ்சம், தீபாவளிக்குக் கொஞ்சம். நடுவில் உள்ள மாதங்களைப் பை தாங்குகிறது. போன முறை போனபோது தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வைத்திருந்தா. அந்தப் பிள்ளையிடமும் ஒரு மெசின் இருக்கிறதாம், அதன் மேல் இப்போது ரீவி இருக்கிறதாம். 'ரீவியை இறக்கி நிலத்தில வை, மெசினைத் தூக்கிக்கொண்டு வா' என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தா, கால் மிதியை நிறுத்தாமலே.